காந்தக்கோளத்தின் வரலாறு – பகுதி 11: படுத்த கோடுகளின் நாடு

புவியின் காந்தப்புலத்தை விளக்குவதற்காக இயற்பியலார் வரையும் விசைக்கோடுகள் தென்துருவத்தையொட்டிய நிலப்பரப்பிலிருந்து கிளம்பி, விண்வெளியில் வில்லாக வளைந்து, வடதுருவத்தின் அருகே மீண்டும் தரைக்குள் இறங்குகின்றன. துருவங்களை நெருங்கிய ஊர்களில் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் இக்கோடுகள், நடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சாய்ந்து, இந்தியாவின் தென்கோடியையொட்டிச் செல்லும் காந்த நடுக்கோட்டில் தரைக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. காந்த ஊசி மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடே காந்த நடுக்கோடு. சென்னையின் மந்தைவெளியில் ஓர் ஊசியை அதன் நடுப்புள்ளியில் தாங்கி நிறுத்தினால் அதன் வடமுனை தரையை நோக்கிச் சற்றே தாழும். அதே ஊசி காஷ்மீரத்தின் குல்மார்க்கில் பாதிக்கும் மேல் கவிழ்ந்து நிற்கும். சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாடுதான், விண்வெளியின் இயற்கை அலைகளை ஆராய்ந்த வரலாற்றில் தென்னிந்தியாவுக்குத் தனியான ஓர் இடத்தை வகுத்துத் தந்தது.

சென்ற பகுதிகளில் விளக்கப்பட்டவாறு, புவியைச் சூழ்ந்துள்ள காந்தக்கோளம் வெறுமையான வெளியன்று. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, நேர்மின் அயனிகளும் எதிர்மின் எலக்ட்ரான்களும் தனித்தனியே திரியும் பிளாஸ்மா அதில் மிக மெல்லியதாகப் பரவியிருக்கிறது. காற்றில்லாத அவ்வெளியில் ஒலி பயணம் செய்ய முடியாது. எனினும் அங்குள்ள மின்புலமும் காந்தப்புலமும் ஓயாமல் அதிர்ந்துகொண்டேயிருக்கின்றன. விசைக்கோடு ஒவ்வொன்றும் இழுத்துக் கட்டிய வீணைத் தந்தியைப் போன்றதென்றும், அதனோடு ஒட்டிக்கிடக்கும் பிளாஸ்மாவே அத்தந்தியின் எடையென்றும் கொண்டால், அத்தந்தி மீட்டப்படும்போது எழும் அலையை மனத்தில் காண்பது எளிது; சுவீடனின் ஹன்னஸ் ஆல்வேன் 1942இல் கணித்துக் காட்டிய அலை இதுவே. இதனைத் தவிர, எலக்ட்ரான்கள் மட்டும் முன்னும் பின்னும் ஊசலாடுவதால் எழும் அலைகளும், அவை விசைக்கோட்டைச் சுற்றிச் சுழல்வதால் வளரும் அலைகளும் உண்டு. இவற்றில் ஒரு பெரும்பகுதியின் அதிர்வெண், அதாவது ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்னும் எண், மனிதச் செவி கேட்கக்கூடிய எல்லைக்குள் அமைந்திருப்பதால், அந்த மின்னதிர்வை ஓர் ஒலிபெருக்கியில் செலுத்தினாலே கேட்டுவிட முடிகிறது. இத்துறையின் சொற்களில் பாதி இசையிலிருந்தும் பறவைகளிடமிருந்தும் வந்ததற்குக் காரணமும் இதுவே.

முதலில் கேட்கப்பட்டது விசில் அலை. முதல் உலகப் போரின்போது எதிரணியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க முயன்ற ஜெர்மானிய இயற்பியலார் ஹைன்ரிக் பார்க்ஹௌசன், தம் கருவியில் குரல்களுக்கு நடுவே உயர்ந்த சுருதியில் தொடங்கித் தாழ்ந்து மறையும் விசில் ஒலிகளைக் கேட்டு, 1919இல் அவற்றைப் பற்றி எழுதினார். கர்நாடக இசையில் இறக்க ஜாரு எனப்படும் சறுக்கலை ஒத்த இந்த ஒலியின் பிறப்பிடம் மின்னல் என்பதையும், அது பயணம் செய்யும் பாதை எது என்பதையும் ஐயமற நிறுவியவர், கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த ஓவன் ஸ்டோரி. அவருடைய ஆய்வு 1953இல் வெளிவந்தது. ஒரு மின்னல் வெட்டும்போது எல்லா அதிர்வெண்களிலும் ஒரே நொடியில் எழும் மின்காந்தத் துடிப்பின் ஒரு பகுதி அயனி மண்டலத்தைத் துளைத்து மேலேறி, விசைக்கோட்டைப் பற்றிக்கொண்டு எதிர்க் கோளார்த்தத்தை அடைகிறது. வழியிலுள்ள பிளாஸ்மாவில் உயர் அதிர்வெண்கள் விரைந்தும் தாழ் அதிர்வெண்கள் பின்தங்கியும் செல்வதால், துடிப்பாகப் புறப்பட்டது விசிலாக வந்து சேர்கிறது. சறுக்கலின் வேகத்தை அளந்தால் வழியிலிருந்த எலக்ட்ரான்களின் அடர்த்தியைக் கணக்கிடலாம் என்பதைக் கண்ட ஸ்டோரி, வெற்றிடம் என்று எண்ணப்பட்ட உயரங்களில் எதிர்பார்த்ததைவிட மிகுதியான பிளாஸ்மா இருப்பதை, ஒரு செயற்கைக்கோளும் ஏவப்படாத காலத்திலேயே, தரையில் நின்றபடி அறிவித்தார். இந்த நூற்றாண்டுகால வரலாற்றில் இதைவிடச் சிக்கனமான கண்டுபிடிப்பு ஒன்றைக் காட்டுவது அரிது.

1960கள் முதல் குல்மார்க், நைனிதால், வாரணாசி ஆகிய வட இந்திய நிலையங்களில் விசில் அலைகள் பதிவு செய்யப்பட்டன. ஆனால் சென்னைக்கு அந்த வாய்ப்பு இயற்கையிலேயே மறுக்கப்பட்டிருந்தது. குல்மார்க்கிலிருந்து கிளம்பும் விசைக்கோடு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தைத் தொட்டுத் திரும்பும்போது, சென்னையிலிருந்து கிளம்பும் கோடோ சில நூறு கிலோமீட்டர் உயரத்தைக்கூட எட்டாமல் மறுபுறம் இறங்கிவிடுகிறது. காந்தக்கோளத்தின் உயர்ந்த பகுதிகளுக்கும் சென்னையின் தரைக்கும் இடையே அலை ஏறி இறங்குவதற்கான பாதையே இல்லை. படுத்த கோடுகளின் நாட்டில் வாழ்பவர்கள் விண்வெளியைக் கேட்கவேண்டுமாயின், கருவியை அங்கேயே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

எனினும் படுத்த கோடுகளுக்கு உரிய வேறொரு செல்வத்தைத் தென்னாடு நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டிருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த சென்னை வானாய்வகத்தின் இயக்குநர் தாமஸ் கிளான்வில் டெய்லரும், சுவாதித் திருநாள் மன்னர் திருவனந்தபுரத்தில் 1837இல் நிறுவிய வானாய்வகத்தின் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட்டும், காந்த ஊசியின் சாய்வையும் புலத்தின் வலிமையையும் தென்னிந்தியாவின் பல ஊர்களில் அளந்து, காந்த நடுக்கோடு இப்பகுதியைக் கடக்கும் பாதையை வரைந்தனர். அவர்களுக்குப் பின் வந்தவரான ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரே இந்தப் பகுதியில் தனித்து நிறுத்திப் பேசத் தக்கவர்.

பிரௌன் 1852 முதல் 1865 வரை திருவனந்தபுரத்தில் பணியாற்றினார். சமவெளியில் காணப்படும் காந்த மாற்றங்கள் உயரத்தில் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அறியும் பொருட்டு, பொதிகை மலைத் தொடரில் ஏறத்தாழ 1,860 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்மலையின் உச்சியை ஒட்டி அவர் 1855இல் ஒரு காந்த ஆய்வகத்தை அமைத்தார். அடர்ந்த காட்டையும் பெருமழையையும் ஓயாத மலைக்காற்றையும் தாங்கி, ஆள் சுமையாகக் கருவிகளை ஏற்றிச் சென்று, மலையுச்சியிலும் கீழே நகரிலும் ஒரே நேரங்களில் எடுக்கப்பட்ட அளவீடுகள் 1874இல் நூலாக வெளிவந்தன. உலகின் வெவ்வேறு இடங்களில் நாள்தோறும் அளக்கப்பட்ட புலவலிமையை ஒப்பிட்ட பிரௌன், அதன் ஏற்றத்தாழ்வுகள் எங்கும் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன என்பதையும், அவை ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் தோன்றும் போக்குடையவை என்பதையும் கண்டு, அந்தக் கால அளவைச் சூரியனின் தற்சுழற்சியோடு இணைத்தார். சூரியனிலிருந்து ஏதோ ஒன்று புவியை வந்தடைகிறது என்னும் முடிவின் வாசல்வரை அவர் வந்துவிட்டார். அது எது என்பதைச் சொல்லும் இயற்பியல் அன்று பிறந்திருக்கவில்லை. அகத்தியர் தமிழ் வளர்த்ததாகச் சொல்லப்படும் மலையின் மீது, சூரியக் காற்றின் முதல் தடயங்களுள் ஒன்று குறித்துவைக்கப்பட்டது என்பது தமிழர்களிடையே இன்னும் பரவலாக அறியப்படவேண்டிய செய்தி.

அந்தக் காற்று எது என்னும் வினாவுக்கு விடை கிடைப்பதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. விடை அச்சேறியதில் மயிலாப்பூரில் வளர்ந்த ஒருவருக்குப் பங்குண்டு.

மந்தைவெளியிலிருந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய தொலைவில், அன்று எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்றும் இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என்றும் வழங்கும் வீதியில், சி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் கட்டி முடித்த வீட்டின் பெயர் சந்திர விலாஸ். அவ்வீட்டிலிருந்து மாநிலக் கல்லூரிக்குச் சென்று படித்து, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவருடைய மகன் சுப்ரமணியன் சந்திரசேகரை, வெள்ளைக் குறுமீன்களின் நிறை வரம்போடு மட்டும் சேர்த்து நினைப்பதே இங்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர் ஒரு துறையை முழுதாகக் கற்று, அதனை ஒரு நூலில் வடித்துவிட்டு அடுத்த துறைக்குச் செல்லும் இயல்புடையவர். 1950களின் பிற்பாதியில் அவ்வாறு அவர் எடுத்துக்கொண்டது பிளாஸ்மா. ஆலன் காஃப்மன், கென்னத் வாட்சன் ஆகியோருடன் சேர்ந்து, காந்தப்புலத்தினுள் அடர்த்தி குறைந்த அயனி வாயு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதையும், அது எந்நிலையில் நிலைகுலையும் என்பதையும் அவர் ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள் 1958 வரை தொடர்ந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய பிளாஸ்மா இயற்பியல் விரிவுரைகள், மாணவர் எஸ். கே. டிரெஹன் தொகுத்த குறிப்புகளாக 1960இல் நூலாயின.

இந்த ஆய்வுகளில் இடம்பெற்ற ஒரு கருத்து இனி வரும் பக்கங்களுக்குத் தேவைப்படும். பிளாஸ்மாவிலுள்ள துகள்களின் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. விசைக்கோட்டின் நெடுகே ஓர் அளவும், அதற்குக் குறுக்கே வேறோர் அளவும் இருக்கலாம். நெடுகேயுள்ள அழுத்தம் ஓர் எல்லையை மீறினால், நீர் பீறிட்டுப் பாயும்போது பிடிப்பாரின்றிக் கிடக்கும் தீயணைப்புக் குழாய் நெளிந்து துள்ளுவதுபோல விசைக்கோடும் நெளியத் தொடங்கும். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வேறு சிலரும் தனித்தனியே வந்தடைந்த இம்முடிவு, தீயணைப்புக் குழாய் நிலையின்மை என்றே வழங்குகிறது. சமமின்மை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் வழியாக அலை பிறக்கிறது என்பதே இதன் உட்பொருள். காந்தக்கோளத்தின் அலைகள் பெரும்பாலானவற்றின் பிறப்புக் கதை இதுதான்.

சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை வானியற்பியல் துறையின் தலையாய இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். சிகாகோவில் அவருடைய இளைய சக ஆசிரியரான யூஜீன் பார்க்கர், சூரியனின் வெளி வளிமண்டலம் தன் வெப்பத்தால் ஓய்வாக நிற்க இயலாமல், விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் இடைவிடாது பாய்ந்துகொண்டே இருக்கவேண்டும் என்று கணித்துக் காட்டிய கட்டுரையை அவ்விதழுக்கு அனுப்பியபோது, மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்ட வல்லுநர் இருவரும் அதனை நிராகரித்தனர். சந்திரசேகருக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடில்லை என்பதைப் பார்க்கரே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். ஆயினும் மதிப்பீட்டாளர் எவரும் கணக்கில் ஒரு பிழையையும் சுட்டிக்காட்டவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட ஆசிரியர், தம் பொறுப்பில் கட்டுரையை ஏற்று, 1958 நவம்பரில் வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மேரினர் 2 விண்கலம் வழி நெடுகிலும் அந்தக் காற்றை அளந்து உறுதிப்படுத்தியது. தாம் நம்பாத ஒன்றை, அது தவறென்று காட்ட இயலாத காரணத்தால் அச்சிட்ட அந்த முடிவு, சந்திரசேகரின் சொந்தக் கண்டுபிடிப்புகளுக்குச் சற்றும் குறையாத தொண்டு என்றே கொள்ளவேண்டும். புவியின் காந்தக்கோளம் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாலாக நீண்டிருப்பதும், அதனுள் அலைகளை எழுப்பும் ஆற்றலில் பெரும்பகுதி வந்து சேர்வதும் இந்தச் சூரியக் காற்றினால்தான்.

செயற்கைக்கோளில் விசில் அலையை முதலில் கேட்டது தற்செயலாக நிகழ்ந்தது. 1959 செப்டம்பரில் ஏவப்பட்ட அமெரிக்காவின் வான்கார்டு 3, காந்தப்புலத்தின் வலிமையை அளக்கச் சென்ற கலம். அதன் கம்பிச்சுருளில், அளவீட்டுக்கு இடையூறாக விசில்கள் ஒலித்தன. இதற்கென்றே திட்டமிட்ட கருவிகள் 1962இன் இறுதியில் பறந்தன. கனடாவின் அலுவெட் 1 செப்டம்பரிலும், ஐயோவா பல்கலைக்கழகத்தின் இன்ஜன் 3 டிசம்பரிலும் ஏவப்பட்டன. கதிர்வீச்சுப் பட்டைகளைக் கண்டறிந்த ஜேம்ஸ் வான் ஆலனிடம் மாணவராக இருந்த டொனால்டு கர்னெட், இன்ஜன் 3இல் பொருத்திய அலைவாங்கியிலிருந்து தொடங்கி, அடுத்த அறுபது ஆண்டுகளில் புவி, வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகியவற்றின் அலைகளையெல்லாம் கேட்ட மனிதரானார்.

கருவியின் அமைப்பு எளிது. மின்புலத்தின் அதிர்வை அறிய இரண்டு நீண்ட கம்பிகள் அல்லது குழாய்களாலான ஆன்டெனாவும், காந்தப்புலத்தின் அதிர்வை அறியக் காந்த உட்கருவின் மீது பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட கம்பிச்சுருளும் போதும். கடினமானது, கலம் தானே எழுப்பும் இரைச்சலிலிருந்து இயற்கையின் அலையைப் பிரிப்பது. சூரியப் பலகைகளில் ஓடும் மின்னோட்டம், மின்வழங்கியின் முணுமுணுப்பு, சுழலும் மோட்டார்கள் ஆகிய யாவும் கருவியின் காதில் விழும். அதனால்தான் இவ்வகைக் கருவிகள் கலத்தின் உடலிலிருந்து விலகி நீளும் கைகளின் நுனியில் அமர்த்தப்படுகின்றன.

இந்தியாவின் முறை தும்பாவில் வந்தது. அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்தை விக்ரம் சாராபாய் 1947இல் நிறுவியபோது அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர், பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற கே. ஆர். இராமநாதன். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிய திருவனந்தபுரத்துத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணமும் கால்டிகாட்டும் பிரௌனும் அளந்த அதே காந்த நடுக்கோடுதான். அக்கோட்டின் நேர்மேலே, ஏறத்தாழ 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி ஒரு வலிய மின்னோட்டம் குறுகிய பட்டையாக ஓடுகிறது. பெருவின் ஹுவாங்காயோ ஆய்வகத்தின் அளவீடுகளில் முதலில் தென்பட்ட இதற்கு நிலநடுக்கோட்டு மின்தாரை என்ற பொருள்படும் பெயரை 1951இல் சிட்னி சாப்மன் சூட்டினார். விசைக்கோடுகள் படுத்துக்கிடப்பதால் மேல்கீழாக ஓட முயலும் மின்னோட்டம் தடைபட்டு, அங்கே செங்குத்தான ஒரு மின்புலம் திரள, அதுவே கிழக்கு நோக்கிய ஓட்டத்தைப் பன்மடங்கு பெருக்குகிறது. விசில் அலையைத் தென்னாட்டுக்கு மறுத்த அதே வடிவமைப்பு, உலகின் வேறெந்த அகலாங்கிலும் கிடைக்காத ஒரு பிளாஸ்மா ஆய்வுக்கூடத்தைத் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்திவைத்தது.

இந்தத் தாரையினுள் பிளாஸ்மா அமைதியாக இல்லை என்பதைப் பெருவிலிருந்து ரேடார்கள் சொல்லிவந்தன. எலக்ட்ரான்கள் அயனிகளைக் கடந்து ஒரு வேக எல்லைக்கு மேல் ஓடும்போது அலைகள் தாமே வளரும் என்று டொனால்டு ஃபார்லியும் ஆஸ்கர் புனிமனும் 1963இல் தனித்தனியே காட்டினர். அந்த எல்லையை எட்டாத பொழுதுகளிலும் ரேடாரில் எதிரொலிகள் தென்பட்டதால், வேறொரு காரணமும் இருக்கவேண்டும் என்று கருதப்பட்டது. அடர்த்தி ஒரே சீராக இல்லாமல் உயரத்தோடு கூடியோ குறைந்தோ செல்லும் சரிவில், மின்புலமும் அடர்த்திச் சரிவும் ஒரே திசையை நோக்கினால், சிறு கலக்கம்கூடப் பெருகி அலையாகும் என்பது அக்காரணம் பற்றிய கோட்பாடு. ரேடாரால் இதனைச் சோதிக்க இயலாது. அது ஓர் அலைநீளத்தை மட்டுமே காணும், அந்த இடத்தின் அடர்த்திச் சரிவைக் காணாது. இரண்டையும் ஒரே நொடியில், ஒரே இடத்தில் அளக்கவேண்டுமானால் கருவி தாரையின் ஊடே போகவேண்டும்.

அகமதாபாத் ஆய்வகத்தின் சத்ய பிரகாஷ், பி. எச். சுப்பராயா, எஸ். பி. குப்தா ஆகியோர் தும்பாவிலிருந்து ராக்கெட்டுகளில் அனுப்பியவை லாங்முயர் ஆய்முனையும் பிளாஸ்மா இரைச்சல் ஆய்முனையும் ஆகும். ஒரு சிறு உலோக முனைக்கு மின்னழுத்தம் கொடுத்து, அதில் வந்து சேரும் எலக்ட்ரான்களின் மின்னோட்டத்தை அளந்தால் அங்குள்ள அடர்த்தி கிடைக்கும். அந்த மின்னோட்டத்தின் நடுக்கத்தைத் தனியே பிரித்துப் பெருக்கினால் அலைகள் கிடைக்கும். விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ராக்கெட், பத்து மீட்டர் இடைவெளியில் அமைந்த அடர்த்தி மடிப்புகளைக் கடக்கும்போது, கருவியில் விநாடிக்கு நூறு அதிர்வுகள் தெரியும் என்பதால், வெளியில் விரிந்துள்ள அமைப்பைக் காலத்தில் நிகழும் துடிப்பாகப் படிக்க முடிந்தது. மின்தாரையின் ஊடே ராக்கெட் இருக்கும் நேரம் ஏறும்போது அரை நிமிடத்துக்கும் குறைவு, இறங்கும்போது மீண்டும் அவ்வளவே. அந்த நொடிகளில் தொலையளவியல் வழியாகக் கடற்கரைக் குடிலை வந்தடைந்த நெளிகோடுகளே ஆய்வின் முழு மூலப்பொருள்.

விளைவு தெளிவாக இருந்தது. பகலில், செங்குத்து மின்புலம் மேல்நோக்கியிருக்கும்போது, அடர்த்தி உயரத்தோடு கூடிச்செல்லும் அடுக்குகளில் மட்டும் அலைகள் தென்பட்டன. இரவில், மின்புலம் திசை மாறியபோது, அடர்த்தி உயரத்தோடு குறைந்துசெல்லும் அடுக்குகளில் அவை தோன்றின. கோட்பாடு கேட்ட நிபந்தனை ஒன்றே. இயற்கை அதனைப் பகலுக்கு ஒருவிதமாகவும் இரவுக்கு நேரெதிராகவும் நிறைவேற்றிக் காட்டியது. சில மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரையுள்ள அலைகளின் இந்த அளவீடுகள் 1970, 1971ஆம் ஆண்டுகளில் வெளிவந்து, அடர்த்திச் சரிவுச் சறுக்கு நிலையின்மை என்னும் கோட்பாட்டுக்கு நேரடியான சான்றாக உலகெங்கும் ஏற்கப்பட்டன. தும்பாவைப் பற்றி மாதா கோயிலையும் மிதிவண்டியில் கொண்டு செல்லப்பட்ட ராக்கெட் பாகத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடும் வரலாறுகள், அந்த ராக்கெட்டுகள் எதற்காகப் பறந்தன என்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றன. இந்திய விண்வெளி ஆய்வு, உலகம் விடை தேடிக்கொண்டிருந்த ஒரு கேள்விக்குத் தன் மண்ணிலிருந்தே விடை சொன்ன முதல் தருணங்களுள் இது ஒன்று.

இதே ஆண்டுகளில் உயர்ந்த காந்தக்கோளத்தில் கவனம் கோரஸ் அலைகளின் மீது திரும்பியிருந்தது. சில நூறு முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்ணில், குறுகிய கீச்சொலிகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி எழும் இவ்வலைகள், விடியற்காலைத் தோப்பில் பறவைகள் கூடிக் கூவுவதை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றன. விசைக்கோட்டுக்குக் குறுக்கேயுள்ள அழுத்தம் மிகும்போது எலக்ட்ரான்கள் தம் ஆற்றலை இவ்வலைகளுக்குக் கொடுக்கின்றன. அதாவது சந்திரசேகரின் தீயணைப்புக் குழாய்க்கு நேர்மாறான சமமின்மையே இங்குத் தாய். வளர்ந்த அலை எலக்ட்ரான்களைத் திருப்பித் தாக்கி, அவற்றுள் சிலவற்றை வளிமண்டலத்தில் விழச் செய்கிறது. இதனால் கதிர்வீச்சுப் பட்டை தாங்கக்கூடிய எலக்ட்ரான்களுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று சார்லஸ் கென்னலும் ஹாரி பெட்செக்கும் 1966இல் காட்டினர். ஓஜிஓ 5 செயற்கைக்கோளின் பதிவுகளிலிருந்து கோரஸ் எங்கே, எப்போது எழுகிறது என்பதை வகைப்படுத்திய புரூஸ் சுருடானி, பிற்காலத்தில் மும்பையின் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தைச் சேர்ந்த குர்பக்ஷ் சிங் லாகினாவோடு நெடுங்காலம் இணைந்து பணியாற்றினார். கோரஸின் ஒவ்வொரு கீச்சும் இன்னும் நுண்ணிய, சீரான துண்டுகளால் ஆனது என்பதையும், சீராக இருப்பதாலேயே அது எலக்ட்ரான்களை எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகச் சிதறடிக்கிறது என்பதையும் இக்குழுவினர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணக்கிட்டுக் காட்டினர்.

மற்றக் கோள்களின் கதை தனிப் பகுதிக்கு உரியது. இங்கு ஒன்றைக் குறித்தால் போதும். 1979 மார்ச்சில் வியாழனை நெருங்கிய வாயேஜர் 1இன் பிளாஸ்மா அலைக் கருவி, பார்க்ஹௌசன் போர்முனையில் கேட்ட அதே இறங்கும் விசிலை அங்கே கேட்டது. விசில் இருந்தால் மின்னல் இருக்கவேண்டும். அக்கோளின் இருண்ட பக்கத்தில் மின்னல் ஒளிர்வதைக் கலத்தின் ஒளிப்படக் கருவியும் கண்டது. அதே கருவி 2013இல், விநாடிக்கு சுமார் 2,600 முறை துடிக்கும் எலக்ட்ரான் ஊசலாட்டத்தைப் பதிவு செய்ய, அந்த எண்ணிலிருந்து சூழ்ந்துள்ள பிளாஸ்மாவின் அடர்த்தியை ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.08 எலக்ட்ரான் எனக் கணக்கிட்ட கர்னெட்டின் குழு, கலம் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து விண்மீன்களுக்கிடையேயான வெளியில் நுழைந்துவிட்டதென்று அறிவித்தது. அளவிட வேறு கருவி பழுதாகிவிட்டிருந்த நிலையில், பார்க்கரின் காற்று முடியும் இடத்தைச் சொன்னது ஓர் அலை.

2012 ஆகஸ்டில் ஏவப்பட்ட வான் ஆலன் ஆய்கலங்கள் இரண்டும், கோரஸின் மறுபக்கத்தை நிலைநாட்டின. அவ்வாண்டு அக்டோபரில் எழுந்த காந்தப்புயலின்போது, பட்டையிலிருந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்வரை முடுக்கப்பட்டது கோரஸ் அலைகளாலேயே என்பதை அவற்றின் அளவீடுகள் காட்டின. ஆக, இவ்வலை எலக்ட்ரான்களை விழவும் வைக்கிறது, செயற்கைக்கோள்களின் மின்னணுச் சுற்றுகளைச் சிதைக்கும் அளவுக்கு வலுவூட்டவும் செய்கிறது. தகவல்தொடர்புக்கும் வழிகாட்டலுக்கும் வானிலைக்கும் செயற்கைக்கோள்களைச் சார்ந்துள்ள ஒரு நாட்டில், இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று.

காந்தப்புயலின் கடுமைக்கு அளவுகோலாக இன்றும் காட்டப்படும் பதிவு மும்பையின் கொலாபா வானாய்வகத்தில் கையால் எழுதப்பட்ட ஏட்டில் இருக்கிறது. 1859 செப்டம்பர் 1, 2 தேதிகளில் எழுந்த பெரும்புயலின்போது அங்கே கிடைமட்டப் புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிந்ததை, சுருடானி, லாகினா உள்ளிட்டோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அந்த வாரம் திருவனந்தபுரத்தில் ஆய்வகப் பொறுப்பில் இருந்தவர் பிரௌன்.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6 அன்று, புவியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள முதல் லக்ராஞ்சுப் புள்ளியைச் சுற்றும் பாதையை அடைந்தது. தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி அதன் திட்ட இயக்குநராகப் பணியாற்றினார். காந்தக்கோளத்தின் மீது மோதுவதற்கு முன்பே சூரியக் காற்றை அளக்கும் அக்கலத்தில், 132 நாட்கள் மடிந்திருந்த ஆறு மீட்டர் நீளக் கை ஜனவரி 11 அன்று ஒன்பது விநாடிகளில் விரிந்தது. கலத்தின் சொந்தக் காந்தத்தைப் பிரித்தறிவதற்காக அதன் நுனியில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இரண்டு காந்தமானிகள் பொருத்தப்பட்டுள்ளன. வீணைத் தந்தி போன்ற ஆல்வேன் அலைகளின் மெல்ல அசையும் அதிர்வுகளை அளக்கவல்லவை அவை. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் கருவி சூரியக் காற்றின் அயனிகளை எண்ணுகிறது. எலக்ட்ரான்களையும் கன அயனிகளையும் அளக்கும் மற்றொரு கருவி, சத்ய பிரகாஷும் சுப்பராயாவும் தம் ஆய்முனைகளைப் பறக்கவிட்ட தும்பாவிலுள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது. 2024 மே 10, 11 தேதிகளில் இருபது ஆண்டுகளில் காணாத காந்தப்புயல் புவியைத் தாக்கியபோது, அதனை எழுப்பிய காற்றின் வேகத்தையும் புலத்தின் முறுக்கத்தையும் இக்கருவிகள் வழியிலேயே பதிவு செய்தன.